புழங்கிய துணியில் இரண்டு வீட்டுக் கதை: கதைத்துணி தைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பா தமிழர், அம்மா கன்டனீஸ் சீனர். பிறந்து வளர்ந்தது மலேசியாவின் ஈப்போ நகரம். எங்களைப் போன்றவர்களை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'சிண்டியன்' என்பார்கள். இங்கே படிவம் எதை எடுத்தாலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' என்று கட்டங்கள் இருக்கும். லாயின்-லாயின் என்றால் மற்றவை. பிறப்புப் பதிவில் பொதுவாகத் தந்தையின் இனத்தையே பிள்ளைக்கும் எழுதுவதால் நான் இந்தியர். சிங்கப்பூரில் 2011 முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் நடுவில் கோடு போட்டுச் சேர்த்து எழுதிக்கொள்ள முடிகிறது.

தமிழில் 'கலப்பினம்' என்று ஒரு சொல் உண்டு. கறவை மாட்டுக்கும் விதைநெல்லுக்கும் சொல்லும் அந்தச் சொல்லை மனிதர்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்த, என் அப்பாவின் அம்மா என்னை 'ரெண்டு வீட்டுப் பிள்ளை' என்பார். இந்தக் கட்டுரையிலும் அதுவே இருக்கட்டும்.

நான் இங்கே சொல்லித் தரப் போவது கதைத்துணி தைப்பது. இரண்டு வீட்டிலும் புழங்கிய துணிகளிலிருந்து 9 முதல் 12 துண்டுகள் வரை எடுத்து, காடாத் துணி மேல் ஒட்டுத்தையலாகச் சேர்த்து, ஊசியாலேயே சில வரிகள் எழுதி முடிப்பது. அளவு ஏறக்குறைய 90 செ.மீ. சதுரம். வார இறுதிகளில் உட்கார்ந்தால் மூன்று மாதம் ஆகும். அதில் முதல் மாதம் ஊசியைத் தொடவே வேண்டியிருக்காது. பேசுவதும் கேட்பதும்தான் வேலை.

படி 1: வாங்காதீர்கள், தேடுங்கள்

என் முதல் முயற்சிக்கு நான் கடைக்குப் போனேன். டிராகன் போட்ட சிவப்புச் சீனப் பட்டு ஒரு மீட்டர், மயில் போட்ட காஞ்சிப் பட்டு ஒரு மீட்டர். இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைத்தேன். தைத்து முடித்துச் சுவரில் மாட்டினால் அது யாருடைய வீடாகவும் இல்லை, சுற்றுலாத் துறைச் சுவரொட்டி போல இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் டிராகன் போட்ட பட்டு உடுத்தியதில்லை. போ போ, அதாவது அம்மாவின் அம்மா, வாழ்நாள் முழுதும் பூப்போட்ட பருத்திச் சாம்ஃபூதான், சீனப் பெண்களின் சட்டையும் காற்சட்டையும், போட்டார். தோட்டத்துப் பாட்டியிடம் பட்டுப்புடவை ஒன்றே ஒன்று இருந்தது, அதில் மயில் கிடையாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. பின்துணியும் நூலும் தவிர எதுவும் கடையிலிருந்து வரக்கூடாது. ஒரு இனத்துக்குச் சின்னமாக நிற்கும் துணி வேண்டாம், உங்கள் வீட்டு உடம்புகளைத் தொட்ட துணி வேண்டும். சொந்தம் என்பது புழக்கத்தில் வருவது. ஒரு சமூகம் முழுவதற்கே இது பொருந்தும் என்பதற்கு மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான சமூகம் அது. வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மேற்சட்டையும் கைலி போன்ற சாரோங்கும், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இன்றும் அவர்களுடையதுதான். அவர்கள் வீட்டுப் பாட்டியின் கெபாயா மலாயா தமிழா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அது அவருடைய கெபாயா. அந்தக் கெபாயாவை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து என்று ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன.

என்னென்ன தேடலாம்? தலையணை உறை, சமையலறைக் கைப்பிடித் துணி, பள்ளிச் சீருடை, தோளில் போட்ட துண்டு, கிழிந்த கைலி, யாரோ பாதியில் விட்ட பின்னல். முக்கியமாகக் குழந்தையைச் சுமந்த துணிகளைக் கேளுங்கள். எங்கள் ஊரில் மூன்று சமூகமும் பிள்ளையைத் துணியில்தான் வளர்த்தது. தமிழ் வீட்டில் பழம்புடவையில் தூளி. மலாய் வீட்டில் சாரோங் தொட்டில், மேலே ஒரு ஸ்பிரிங். கன்டனீஸ் வீட்டில் முதுகில் கட்டும் துணி. நடுவில் பூவேலை செய்த சதுரம், நாலு மூலையிலும் நாலு நீளப் பட்டை. பிள்ளைக்கு மாதம் நிறையும்போது தாய்வீட்டுப் பாட்டி கொடுக்கும் சீர் அது. அதன் பெயர் 'மெ தாய்'. கன்டனீஸில் சுமக்கும் பட்டை என்றுதான் பொருள். தமிழ் கேட்டு வளர்ந்த என் காதில் அது எப்போதும் வேறாகத்தான் விழுந்திருக்கிறது.

கைலியையும் விட்டுவிடாதீர்கள். கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி என்பதால், ஆங்கிலேயர் வாயில் புலிகாட் ஆன அந்த ஊரின் பெயரே துணிக்கும் பெயராகிவிட்டது. தாத்தாவின் கைலிக் கட்டத்தை எடுத்துத் தைக்கும்போது இது தமிழ்ப் பக்கமா மலாய்ப் பக்கமா என்று குழம்ப வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் அதைக் கட்டியிருக்கிறது.

படி 2: துணியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்

இந்தப் படிக்கு நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். "உங்க காலத்துல நம்ம குடும்பத்த எப்படிப் பாத்தாங்க?" என்று கேட்டால் பெரியவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். துணியைக் கையில் கொடுத்து "இது எப்ப கட்டினது?" என்று கேளுங்கள். விரல் மடிப்பைத் தடவும், கரையைத் தேடும், பேச்சு தானாக வரும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் அப்பா, எங்கள் கோங் கோங், இறந்தபோது எனக்கு 11 வயது. சீனர் வீட்டுத் துக்கத்தில் சட்டைக் கையில் ஒரு சிறு துணிச் சதுரத்தை ஊக்கால் குத்திவிடுவார்கள். இறந்தவருக்கு நீ யார் என்பதை அதன் நிறம் சொல்லும். நிற வழக்கம் ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். அன்று மாமன் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு நிறம். எனக்கும் தம்பிக்கும் மட்டும் வேறு நிறம். நாங்கள் தமிழர் வீட்டுப் பிள்ளைகள், அதனால் பிரித்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. 20 வருடம் அது உள்ளேயே கிடந்தது.

இந்த வேலைக்காக அம்மாவின் தங்கை, ஆ யீ, வீட்டுக்குப் போயிருந்தேன். கோங் கோங்கின் சட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். காலரை நிமிர்த்திப் பார்த்தார், பொத்தான் ஒன்று மாறியிருக்கிறதே என்றார், பிறகு சாவு வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் மெதுவாக அந்தத் துணிச் சதுரத்தைப் பற்றிக் கேட்டேன். ஆ யீ சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மகள் பிள்ளைக்கு அந்த நிறந்தான். எனக்கு அப்பப் பிள்ளை இல்ல. இருந்திருந்தா அதுக்கும் அதேதான் குத்தியிருப்பாங்க."

கன்டனீஸில் மகன் பிள்ளைக்கு ஒரு பெயர், மகள் பிள்ளைக்கு வேறு பெயர். மகள் பிள்ளை 'வெளிப் பேரப்பிள்ளை'. தமிழிலும் நாம் மகன் வயிற்றுப் பேத்தி, மகள் வயிற்றுப் பேத்தி என்று பிரித்துத்தானே சொல்கிறோம். அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் நான் நினைத்த காரணம் அது இல்லை. சீனரையே மணந்த மகளின் பிள்ளைக்கும் அதே துணிதான். அந்த வீட்டு வரிசையில் எனக்கென்று முறையாக ஓர் இடம் இருந்தது, அதற்கொரு நிறமும் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

அதனால் சொல்கிறேன், இந்தப் படியை ஒரே நாளில் முடிக்காதீர்கள். ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம் போதும். முதலில் அனுமதி கேட்டுவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு துணிக்கு இந்த ஐந்து கேள்விகள் போதும்:

யார் வாங்கியது, எங்கே?
எந்த வேலைக்கு உடுத்தியது?
கடைசியாக எப்போது?
கிழிந்ததா, யார் தைத்தது?
இதை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்கள்?

ஐந்தாவது கேள்வியைக் கடைசியில் கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

மொழி தெரியாத பாட்டியிடம் பேச வேண்டுமென்றால் வீட்டில் இருவருக்கும் பொதுவான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மொழிபெயர்த்துச் சொல்வதோடு, பாட்டி சொன்ன சொல்லையும் அப்படியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் துணியில் தைக்க அந்தச் சொல்தான் வேண்டும்.

இரண்டு வீட்டுக் குடும்பங்களில் பேசாத விஷயங்கள் இருக்கும். ஓடிப்போய்ச் செய்த திருமணம், பல வருடம் அடைத்திருந்த கதவு, சாவுக்கு வராத அண்ணன். ஒருவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாறுங்கள். உங்களுக்கு உரிமையுள்ள கதை உங்களுடையது மட்டும்தான்.

படி 3: கத்தரிக்கு முன் அனுமதி

கூறைப்புடவையில் கத்தரி வைப்பதைப் பல தமிழ் வீடுகளில் தாங்க மாட்டார்கள். சீனர் வீட்டில் வெள்ளை துக்கத்தின் நிறம். உயிரோடு இருக்கும் பெரியவரின் துணியைச் சுற்றி வெள்ளைக் கரை வைத்தால் மனம் நோகும். தமிழ் வீட்டில் நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது. இரண்டு வீட்டுக்கும் தடையில்லாத நிறங்களைக் கரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பும் மஞ்சளும் யாரையும் உறுத்தவில்லை.

வெட்டவே கூடாது என்றால் வழி இருக்கிறது. புடவையில் ஏற்கெனவே கிழிந்த இடம், கரைக்குள் மடிந்திருக்கும் பகுதி, வெட்டி வைத்த ரவிக்கைத் துணி, கழற்றிப் போட்ட ஃபால்ஸ், இவற்றைக் கேளுங்கள். என் அம்மா தன் திருமணப் புடவையைக் கொடுக்கவில்லை. அதன் ஃபால்ஸைப் பிரித்துக் கொடுத்தார். எட்டு விரற்கடை அகலப் பருத்திப் பட்டைதான், ஆனால் அன்று முழுதும் தரையில் இழுபட்டு நடந்தது அதுதான். எதுவும் கிடைக்காவிட்டால் துணியைப் படமெடுத்துப் பருத்தியில் அச்சிட்டு வாங்கலாம். கடைசி வழியாக மட்டும் அதைச் செய்யுங்கள், தொடும்போது தெரிந்துவிடும்.

படி 4: துவைத்தல், பலப்படுத்தல்

ஒவ்வொரு துணியையும் முதலில் சோதியுங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைத் தனியாகத்தான் அலச வேண்டும். நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் போ போ கொடுத்த சிவப்பு மெ தாயையும் தாத்தாவின் வேட்டியையும் ஒரே வாளியில் நனைத்துவிட்டேன். வேட்டி முழுதும் இளஞ்சிவப்புத் திட்டு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த வேட்டித் துண்டைத்தான் தைத்தேன், வேறு வேட்டி இல்லை.

பழைய பருத்தியைக் குளிர்ந்த நீரில், காரமில்லாத சோப்பில், கசக்காமல் அமுக்கி எடுத்து நிழலில் பரப்பிக் காய வைக்கவும். பிழிய வேண்டாம். பட்டையும் சரிகையையும் வீட்டில் நனைக்க வேண்டாம், காற்றாட விட்டாலே போதும். பழம்பட்டு மடிப்பு விழுந்த கோட்டிலேதான் முதலில் இற்றுப்போகும். துண்டு எடுக்கும்போது அந்தக் கோட்டை விட்டு எடுங்கள். இற்ற துணிக்குப் பின்னால் மெல்லிய மல் துணி ஒன்றை வைத்து நூலோட்டிக்கொண்டால் ஊசி ஏறும்போது கிழியாது. தேய்த்தால் ஒட்டும் கேன்வாஸும் உண்டு. ஆனால் ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது என்பதால் பாட்டி காலத்துத் துணிக்கு நான் அதைப் போடுவதில்லை.

தோட்டத்துத் துணிகளுக்கு ஒரு எச்சரிக்கை. பால்மரம் வெட்டியவர்களின் கைலியில் ரப்பர் பால் தெறித்துக் காய்ந்த கறுத்த புள்ளிகள் இருக்கும். அது போகாது, போக்கவும் வேண்டாம். ஆனால் இஸ்திரிப்பெட்டியை நேராக வைத்தால் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, குறைந்த சூட்டில் தேயுங்கள். பாட்டியின் கைலியில் அப்படி 17 புள்ளிகளை எண்ணினேன். இடது தொடைப் பக்கம்தான் எல்லாம்.

படி 5: துணிக்கு ஒரு வரி

இனிப் பதிவுகளைக் கேட்டு ஒவ்வொரு துணிக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஆறு ஏழு சொல்லுக்கு மேல் போனால் தைக்க மாளாது. 'பண்பாடு', 'அடையாளம்', 'வேர்கள்', 'பாலம்' என்ற நான்கு சொற்களையும் தடை செய்துவிடுங்கள். ஓர் ஆள், ஒரு வேலை, முடிந்தால் ஓர் இடம். அவ்வளவுதான் வேண்டும்.

"என் பாட்டி கடின உழைப்பாளி" என்று ஒருவர் எழுதி வந்தார். என்ன துணி என்று கேட்டேன். தலையில் கட்டும் துண்டு. என்ன செய்வார் என்று கேட்டேன். விடியும் முன் மரம் வெட்டப் போகும்போது தலைவிளக்குக்கு அடியில் அதைக் கட்டுவாராம், விளக்கின் சூடு நெற்றியைச் சுடாமல் இருக்க. "விளக்குச் சூடு தாங்கின துண்டு" என்று தைத்தார். எங்கள் மெ தாய்க்கு நான் எழுதியது: "போ போ முதுகில் சந்தைக்குப் போனேன்." தூளிப் புடவைக்கு: "ஆட்டினது பாட்டி, பாடினது ரேடியோ."

சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே வரி இருக்கலாம். ஒரு வரிக்குள் மூன்று மொழி வந்தாலும் வரட்டும், நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் பேசுகிறோம்.

படி 6: எங்கே எதை வைப்பது

இரண்டு துணிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து நடுவில் கோடு போடும் அமைப்பைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நீங்கள் அரையும் அரையும் சேர்ந்தவர் இல்லை. நல்ல அமைப்புகள் துணிகளிலேயே இருக்கின்றன.

ஒன்று, பாத்திக் சாரோங்கின் அமைப்பு. பாத்திக் என்றால் மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி. அதில் பெரும்பகுதி 'பாடான்', அதாவது உடல். ஓரிடத்தில் மட்டும் அழுத்தமான வேறு கோலத்தில் ஒரு பட்டை நிற்கும். அதன் பெயர் 'கெப்பாலா', தலை. வடமொழிக் கபாலத்திலிருந்து வந்த சொல். நம் புடவைக்கும் உடல் உண்டு, முந்தானைக்குத் 'தலைப்பு' என்றே பெயர். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணிக்குத் தலையும் உடலும் வைத்திருக்கிறார்கள். கதைத்துணியில் ஒரு பக்கமாக 25 செ.மீ. அகலத்தில் தலைப்பு விடுங்கள், அதில் உங்கள் கதை. மீதி உடலில் மற்றவர்கள்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹலியால், முண்டகோடு பக்கத்துக் காடுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். கோவாவுக்கும் மேற்குக் கரைக்கும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பித்து மலைக்காடுகளில் குடியேறியவர்களின் வழி வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்களிடையே இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வை 'கவந்தி'. நடுவிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றி வந்து, வளையம் வளையமாக உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாய் மடித்த சிறு துணியடுக்கு வைப்பார்கள். அதற்கு 'ஃபூலா', பூ, என்று பெயர். பூ இல்லாத கவந்தியை அம்மணம் என்பார்களாம்.

நான் எங்கே தொடங்குவது, என் நடு எது என்று தெரியாதவர்களுக்கு இந்த முறை பெரிய விடுதலை. ஓரத்தில் எது கிடைக்கிறதோ அதை வையுங்கள். நடுவில் என்ன வரும் என்பதை அங்கே போய்ச் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம். கீழே சொல்லும் தையல் முறை இதையொட்டியது.

படி 7: தையல்

110 செ.மீ. சதுரமாகக் காடாத் துணி வாங்குங்கள். மலேசியக் கடைகளில் 'பெலாச்சு' என்று கேட்க வேண்டும். வெந்நீரில் ஒருமுறை அலசிச் சுருங்கவிட்டுக் காய வையுங்கள். அதன்மேல் 90 செ.மீ. சதுரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

முதல் துண்டை மூலையில் வையுங்கள். வெளிப்புற விளிம்பை ஒரு செ.மீ. உள்ளே மடித்து, விளிம்பை ஒட்டி நேர் ஓட்டத் தையல் போடுங்கள். பிறகு அரை செ.மீ. தள்ளி அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று துண்டு முழுதும் ஓட்டுங்கள். உள் விளிம்பை மடிக்க வேண்டாம். அடுத்து வரும் துண்டு தன் மடித்த விளிம்போடு அதன்மேல் ஏறி மூடிக்கொள்ளும். மூலைக்கு வந்ததும் திரும்புங்கள். கனத்த துணிக்கு 7ஆம் எண் ஊசி, சன்னமானதுக்கு 9. ஜீன்ஸும் பட்டும் அடுத்தடுத்து வந்தால் கனத்ததைக் கீழே விட்டுப் பட்டை மேலே ஏற்றுங்கள். தையல் கோணினாலும் பிரிக்காதீர்கள், பழந்துணி இரண்டாம் முறை ஊசி தாங்காது.

எழுத்துகளைத் துண்டு ஒட்டும் முன்பே தைத்துவிடுவது நல்லது. பட்டர் பேப்பரில் எழுதி, துணிமேல் குத்தி, தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்தெடுங்கள். தமிழ் எழுத்து வளைந்து வளைந்து போவதால் சங்கிலித் தையல்தான் அதற்கு வாகு. எழுத்தின் உயரம் 2 செ.மீ.க்குக் குறைந்தால் ண, ணை எல்லாம் முடிச்சாகிவிடும். வளைவில் கண்ணி 2 மி.மீ., நேர் இடத்தில் 4 மி.மீ. மெய்யெழுத்துப் புள்ளிக்கு முடிச்சுத் தையல். ஆறு இழை எம்பிராய்டரி நூலைப் பிரித்து இரண்டு இழை மட்டும் கோத்துக்கொள்ளுங்கள். சீன எழுத்துக்கு நேர்மாறு. கோடுகள் வெட்டி வெட்டி நிற்பதால் பின்தையல் பொருந்தும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று எழுதும் வரிசையிலேயே தையுங்கள். அம்மாவின் குடும்பப் பெயரை நான் வரிசை மாற்றித் தைத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஊசியை வாங்கித் தானே முடித்தார். அந்த ஒரு எழுத்து மட்டும் நூல் வேறு இழுவையில் இருக்கும்.

படி 8: துணி இல்லாதவர்களுக்கு

எல்லாருக்கும் துணி கிடைக்காது. மலாயாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வறுமையாலும், பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்தாலும், ஜாதகம் சரியில்லை என்ற நம்பிக்கையாலும் பல சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ், மலாய்க் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டன. சீன முகத்தோடு, புடவை கட்டி, பூ வைத்து, தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்த பாட்டிகள் எங்கள் தலைமுறையில் பலருக்கு உண்டு. அவர்களுடைய பெற்ற வீட்டிலிருந்து ஒரு நூல்கூட இருக்காது.

அதற்கு நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்களிடமிருந்து ஒரு வழி இருக்கிறது. நம் சென்னைப் பட்டணத்துக் கட்டம் போட்ட கைத்தறித் துணி வணிகத்தில் அங்கே போய், தலைமுறைகளாக அவர்களுடைய சொந்தத் துணியாகிவிட்டது. கலபாரிப் பெண்கள் அதன்மேல் எதையும் சேர்க்காமல், சில இழைகளை மட்டும் பிளேடால் நறுக்கி உருவிவிடுவார்கள். எடுத்த இடத்தில் புதுக் கோலம் தெரியும். 'பெலெட்டே பிட்டே' என்று பெயர், இழை வெட்டிய துணி.

கைலித் துண்டு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். ஒரு கட்டத்துக்குள் மாற்று நிற இழையை ஊசி நுனியால் தூக்கி, இரண்டு பக்கமும் நறுக்கி, மெதுவாக உருவுங்கள். ஒரு பக்கத்து இழைகளை மட்டும் எடுங்கள். பாவு, ஊடு இரண்டையும் எடுத்தால் ஓட்டை விழும். கை பழக, வேண்டாத துணியில் இரண்டு மாலை பயிலுங்கள். எங்கள் வழக்கப்படி துக்கம் முடிந்ததும் கையில் குத்திய துணிச் சதுரங்களை எரித்துவிட்டார்கள். என் கதைத்துணியில் கோங் கோங்கின் சட்டைக்குப் பக்கத்தில் பாட்டியின் கைலித் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சிறு சதுரம் மட்டும் இழை உருவியது.

படி 9: பின்பக்கம்

தைத்து முடித்ததும் மிஞ்சிய காடாத் துணியை முன்பக்கம் மடித்து, படி 3இல் தேர்ந்த நிறத் துணியால் மூடிக் கரையாக அடித்துவிடலாம். பின்னால் ஒரு துண்டில் ஒவ்வொரு துணியும் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று அழியாத மையால் எழுதித் தையுங்கள். உங்கள் பெயரையும் போடுங்கள். ஜாவாவின் பெக்காலோங்கானில் பாத்திக் பட்டறை நடத்திய ஐரோப்பிய ஆசியக் கலப்புச் சமூகத்துப் பெண்மணி எலிசா வான் சூய்லன் (1863–1947) தன் துணிகளில் கையெழுத்திட்டார். அதனால்தான் இன்றும் அருங்காட்சியகங்களில் அவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறது. வீட்டுப் பெண்கள் தைத்த எத்தனையோ துணிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது எனக்கு ஆற்றாமைதான்.

சொல்லாதே என்று யாராவது கேட்டுக்கொண்ட கதை இருந்தால், ஒரு சிறு துணியில் எழுதிக் காடாத் துணிக்கும் மேல்துண்டுக்கும் நடுவில் வைத்துத் தைத்துவிடலாம். எங்கள் துணியில் அப்படி ஒன்று இருக்கிறது. எந்தத் துண்டுக்குக் கீழே என்பது எனக்கும் ஆ யீக்கும் தெரியும்.

படி 10: விரித்துச் சொல்வது

முதலில் வீட்டாருக்கு விரியுங்கள், பிறகு வெளியாருக்கு. கீழே பாய் போட்டு விரித்து எல்லாரும் சுற்றி உட்காருங்கள், ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் உரியவர் இருந்தால் அவர் சொல்லட்டும். திருத்துவார்கள். என் பெரியப்பா இரண்டு வரிகள் தப்பு என்றார். ஒன்றை மாற்றினேன், இன்னொன்றுக்குப் பக்கத்தில் அவர் சொன்னதையும் தைத்தேன். குழந்தைகளைத் தொடவிடுங்கள்.

சுவரில் மாட்டுவதென்றால் பின்னால் மேல் ஓரத்தில் ஒரு குழல் தைத்து மரக்கம்பி கோத்து மாட்டவும். ஆணி அடித்தால் கனத்தில் கிழியும். வெயில் படும் சுவர் வேண்டாம். பெட்டியில் வைப்பதென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், அந்துருண்டை சரிகையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, பழைய மடிப்பு விழுந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.